வெடிக்காத ஏர்பேக் குப்பை இல்லை, காக்கா!

அடிபட்ட கார் கராஜுக்கு வருகிறது. டிங்கரிங் வேலைக்காக ஸ்டியரிங், டேஷ்போர்ட் எல்லாம் கழற்றப்படுகின்றன. வெடிக்காத ஏர்பேக் ஒரு மூலைக்குப் போகிறது. அதைத் தூக்கிக்கொண்டு போவது யார்? ஓ.எல். எழுதிவிட்டு, ரிசல்ட் வரும்வரை வேலை பழகப் போன நம் மாணவன்.

“காத்துப் பைதானே சேர்” என்கிறார்கள். அந்தக் காற்று எங்கிருந்து வருகிறதாம்? பெரும்பாலான ஏர்பேக்கில் இருப்பது மருந்து. மின்பொறி பட்டால் எரிந்து, விநாடியில் முப்பதில் ஒரு பங்கு நேரத்தில் பையை நிரப்பிவிடும். அதை மடியில் வைத்துக்கொண்டு வயரை நோண்டுகிற பொடியனின் முகம் என்னாகும்?

ஜப்பானின் டகாட்டா கம்பனி செய்த ஏர்பேக்குகளில் அம்மோனியம் நைட்ரேட் இருந்தது. வருடக்கணக்கான வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் அது கெட்டு, வெடிக்கும்போது இரும்புக் குடுவையையே துண்டு துண்டாகச் சிதறடித்தது. மலேசியாவிலும் உயிர்கள் போயின. கோடிக்கணக்கான வாகனங்கள் திருப்பி அழைக்கப்பட்டன. 2017இல் கம்பனியே வங்குரோத்தானது. ஒலுவில் வெயிலும் கடற்காற்றும் மலேசியாவுக்குக் குறைந்ததா? நாம் ஓட்டுவதில் பாதி ஜப்பானில் பாவித்துவிட்டு வந்த கார்தானே!

பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிட்டு, கம்பனிக் கையேடு சொல்லும் நிமிடங்கள் வரை பொறுக்க வேண்டும். உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும். மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கவே கூடாது. தூக்கும்போது மூடிப் பக்கம் உடம்புக்கு எதிர்ப்புறம், வைக்கும்போது மேலே. கவிழ்த்து வைத்தது வெடித்தால் ராக்கெட் மாதிரிக் கிளம்பும். வெல்டிங், கிரைண்டர் நடக்கும் பக்கமே கொண்டு போகாதீர்கள். இதற்கெல்லாம் ஐந்து சதம் செலவில்லை.

பிறகு எங்கே போடுவது? இங்கேதான் எல்லோரும் மௌனம். பழைய இரும்புக்காரரிடம் நிறுத்துக் கொடுத்தால் ஆபத்து அவர் கைக்கு மாறுகிறது, அவ்வளவுதான். இன்னொரு காருக்கு விற்பது அதைவிட மோசம். பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்று யானைகள் செத்தது 2022இல் உலகச் செய்தியானது. அந்த மேட்டுக்கு இதையும் அனுப்பப் போகிறோமா?

பயிற்சி உள்ளவர், வெட்டவெளியில், நீண்ட வயர் இழுத்துத் தூரத்தில் நின்று வெடிக்க வைத்தால் மிஞ்சுவது பையும் இரும்பும்தான். டகாட்டா என்றால் அதுவும் வேண்டாம், வாகன ஏஜென்டிடமே போகட்டும். அட்டாளைச்சேனைப் பிரதேச சபை மாதம் ஒருமுறை கராஜ்களில் இவற்றைச் சேகரித்து, தெரிந்தவர்கள் கையில் ஒப்படைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். சபை உறுப்பினர்களே, அடுத்த அமர்வில் இதைப் பேசுங்கள்.

கராஜ் வைத்திருக்கும் காக்காமாரே, அதுவரை வெயில் படாத இடத்தில் ஓர் இரும்பு அலுமாரி வையுங்கள். சாவி உங்கள் இடுப்பில் இருக்கட்டும், பொடியனிடம் கொடுக்காதீர்கள்.