முதுகுவலியும் ஜிம் ட்ரெய்னரும்

1/ "இடுப்பு முன்பக்கமா சாஞ்சிருக்கு, குளூட் வேலை செய்யல, அதான் முதுகுவலி. 12 செஷன்ல கரெக்ட் பண்ணிடலாம்"னு ஜிம்ல சொன்னாங்களா? பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க.

2/ இதுக்குப் பேர் கரெக்டிவ் எக்ஸர்சைஸ். அமெரிக்காவோட என்.ஏ.எஸ்.எம் சொல்ற முறையில நாலு படி: இறுகின தசையைத் தளர்த்து, நீட்டு, சோம்பின தசையை வேலை வாங்கு, எல்லாத்தையும் ஒரே அசைவுல சேரு. வலி இல்லாதவங்களுக்கு இதுல தப்பே இல்லை.

3/ வலின்னு வந்தா கதையே வேற. பிசியோதெரபிஸ்ட் ஆக நாலு வருஷத்துக்கு மேல படிச்சு, ஆஸ்பத்திரியில இன்டர்ன்ஷிப் முடிக்கணும். 2021ல அவங்களையும் சேர்த்து மருத்துவத் துணைத் தொழில்களுக்குன்னு ஒரு சட்டமே வந்தாச்சு. ட்ரெய்னர்? நல்ல உடம்பு, ஃப்ளோர் வேலை, ஆன்லைன் சர்டிபிகேட். அடுத்த மாசம் இன்ஸ்டா பயோவில "பெயின் ஸ்பெஷலிஸ்ட்". கேட்க ஆளில்லை.

4/ பெரும்பாலான முதுகுவலி சில வாரத்துல தானாவே குறையும். அதனால "நான்தான் சரி பண்ணேன்"னு யார் வேணா சொல்லிக்கலாம். சரியாகாத அந்தச் சிலர்லதான் முதுகெலும்பு டிபி, பரவின கேன்சர், நரம்பு அழுத்தம் எல்லாம் ஒளிஞ்சிருக்கு. டிபி அரிச்ச எலும்பு மேல டெட்லிஃப்ட் ஏத்தினா என்ன ஆகும்னு யோசிங்க.

5/ சாயங்காலக் காய்ச்சல், எடை குறையுறது, ராத்திரி தூங்கவிடாத வலி இருந்தா ஜிம் வேண்டாம், டாக்டர்கிட்ட போங்க. கால் பலவீனம், உட்கார்ற இடத்துல மரத்துப்போறது, சிறுநீர் வராம அடைச்சுக்கிறது இருந்தா அன்னைக்கே எமர்ஜென்சி.

6/ போட்டோ எடுத்து, கோடு போட்டு, காரணம் சொல்றாங்களே? 2015ல வந்த ஒரு தொகுப்பாய்வு: வலியே இல்லாத 20 வயசுக்காரங்கள்ல சுமார் 30% பேருக்கும், 80 வயசுக்காரங்கள்ல 84% பேருக்கும் ஸ்கேன்ல டிஸ்க் பல்ஜ். ஸ்கேன் படத்தையே நம்பி வலிக்குக் காரணம் சொல்ல முடியல. செல்ஃபோன் போட்டோ சொல்லிடுமா?

7/ "ஜிஎச்ல மட்டும் என்ன, ஊசி போட்டு அனுப்புறீங்க"ன்னு ரிப்ளை வரும். ஓபி கூட்டம் உண்மைதான். அதுக்கு வழி பிசியோ பணியிடங்களைக் கூட்டச் சொல்லிக் கேக்குறது. படிக்காதவங்ககிட்ட நோயாளியைத் தள்ளிவிடுறது இல்லை.

8/ ட்ரெய்னர் தம்பிகளே, உங்க மேல கோபமில்லை. சுகர், பிபி இருக்கிற ஒருத்தரை நீங்க தினமும் வேர்க்க வைக்கிறது பெரிய சேவை. ஆனா நோயைக் கண்டுபிடிக்கிறது உங்க வேலை இல்லைன்னு உங்க என்.ஏ.எஸ்.எம் பாடத்துலயே இருக்கு. "அண்ணா, முதல்ல டாக்டரைப் பாத்துட்டு வாங்க"ன்னு சொல்லி, அந்த 12 செஷன் காசை விடுறவர்தான் நல்ல ட்ரெய்னர். அப்படி ஒருத்தர் கிடைச்சா விட்டுடாதீங்க.