இறந்தோர்க்கு ஏடு எங்கே?

மாட்டுக்குக் குறியுண்டு, அந்தக் குறிக்கு அரசாங்கப் பதிவுண்டு. வயலுக்கு உறுதியுண்டு. தோணிக்கு இலக்கமுண்டு. வட்டைக்கு விதானையுண்டு, எந்த வாய்க்கால் எவருடைய வரம்பைத் தொடுகிறது என்பதற்குக் கணக்குண்டு. ஆனால், அந்த மாட்டை மேய்த்து, அந்த வயலைத் திருத்தி, அந்த வாவியிலே வலை வீசி வாழ்ந்து மறைந்த எம் பாட்டனும் பூட்டனும் எங்கே கிடக்கிறார்கள் என்பதற்கு ஏடு உண்டா? இல்லை. எழுவான்கரையிலும் இல்லை; படுவான்கரையிலும் இல்லை.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் இருமருங்கும் ஊர்கள். ஊருக்கு ஊர் சவக்காலை, மையவாடி, தோட்டத்து மூலையிலே ஒரு குடும்பத்தின் பழைய புதைகுழிகள். இவற்றுட் பெரும்பாலானவற்றுக்குக் கல் இல்லை, பெயர் இல்லை. ஒரு பூவரசும் ஒரு மண்மேடும் ஒரு கிழவியின் நினைவுமே அடையாளம். கிழவி கண்மூடினால் அடையாளமும் மூடிவிடும். மரத்தை வெட்டினால் மேடு வெறும் மண்ணாகும். அதன்பின் அங்கே வேலி வரும், கட்டடம் வரும், மண் அள்ளும் பாரவூர்தி வரும். “இங்கே என்ன இருந்தது?” என்று கேட்க ஒருவரும் இருக்கமாட்டார்.

இந்த நிலைக்கு யாரைக் குற்றஞ்சாட்டுவது? முதலில் எம்மையே குற்றஞ்சாட்டுகிறோம்.

வெள்ளையன் எழுதினான், நாம் எழுதினோமா?

1913 ஆம் ஆண்டிலே பென்றி லூயிஸ் என்னும் ஆங்கிலேய அதிகாரி, இலங்கையிலுள்ள கல்லறைக் கல்வெட்டுகளைத் தொகுத்து ஒரு பெருநூல் வெளியிட்டார். அவர் தொகுத்தவை பெரும்பாலும் ஐரோப்பியருடைய கல்லறைகள். இறந்த துரைமாரின் பெயர், பதவி, மாண்ட காரணம் யாவும் அந்நூலில் ஏறின. அதுமட்டுமன்று, கல்லே நாட்டப்படாமற் போனவர்களுக்கும் அந்நூலில் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. சில ஆண்டுகள் வந்து உத்தியோகம் பார்த்து மாண்டவனுக்கு ஏடு உண்டு. நூற்றாண்டு நூற்றாண்டாக இம்மண்ணை உழுதவனுக்கு ஏடு இல்லை!

இங்கிலாந்திலே 1538 முதற்கொண்டு கோவிற்பற்றுதோறும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவை பதியப்பட்டு வந்தன. அதனாலன்றோ அந்நாட்டு உழவன் ஒருவனும் பத்துத் தலைமுறைக்குத் தன் முன்னோரைத் தேடிக் காண முடிகிறது? கல்லின் பெருமை எமக்குத் தெரியாததா? நடுகல்லுக்குத் துறை வகுத்துக் கூறியது தொல்காப்பியம். 2006 இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையிலே தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் வெளிப்பட்டபோது தமிழுலகம் வியந்தது. எம் நாட்டிலும் 1980 இல் ஆனைக்கோட்டையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது, எழுத்துப் பொறித்த முத்திரை கிடைத்தது ஓர் ஈமக்குழியிலேதான். எம் மாவட்டத்துக் கதிரவெளியிலும் பெருங்கற்கால ஈமச் சின்னங்கள் உண்டு. அவற்றை எம் பிள்ளைகளில் எத்தனை பேர் கண்டிருக்கிறார்கள்? ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய குழியைப் பற்றிப் பெருமை பேசுகிறோம். நூறாண்டுக்கு முந்திய குழியின் மேல் வேலி போடுகிறோம்.

எலும்புக்கு வயது கூறுவது யார்?

‘செத்தாரைக் கணக்கெடுத்து என்ன பயன்?’ என்று கேட்போர் உளர். பயனைக் கூறுகிறோம், கேளுங்கள்.

2013 டிசம்பரிலே திருக்கேதீச்சரத்துக்கு அண்மையில் குடிநீர்க் குழாய்க்கு மண் வெட்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. எண்பதுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. அஃது ஒரு பழைய மயானம் என்றது தொல்பொருட் பகுதி. அங்கே மயானம் இருந்ததில்லை என்றனர் ஊரவர். எந்த ஏட்டைப் புரட்டி எவர் தீர்ப்பது? 2018 இல் மன்னார் நகரிலே முந்நூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் கண்டெடுக்கப்பட்டன. கடல்கடந்து அமெரிக்க ஆய்வுகூடம் வரை மாதிரிகள் அனுப்பப்பட்டன. அவை கி.பி. 1404க்கும் 1635க்கும் இடைப்பட்டவை என்று 2019 இல் விடை வந்தது. அந்த விடையை ஏற்க மறுத்தோர் பலர். 2025 பெப்ரவரியில் யாழ்ப்பாணத்துச் செம்மணி சித்துபாத்தி மயானத்திலே தகனமேடை அமைக்க மண் வெட்டியபோது மீண்டும் எலும்புகள் தோன்றின. அவ்வாண்டு செப்டெம்பருக்குள் 200க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளங் காணப்பட்டன. குழந்தையின் பாற்போத்தலும் பள்ளிப் பையும் அவற்றோடு கிடந்தன.

இந்த இடங்களிலெல்லாம் முதலில் எழுந்த கேள்வி ஒன்றே: இது பழைய இடுகாடா, அன்றிக் கொலைக்குழியா? மயானத்தின் எல்லை எது, எந்தப் பகுதியிலே எந்த ஆண்டுகளில் யாரைப் புதைத்தனர் என்று ஊரிலே ஓர் ஏடு இருந்திருக்குமேல், அக்கேள்விக்குப் பாதி விடையேனும் அன்றைக்கே கிடைத்திருக்கும். ஏடு இல்லாத இடத்தில் எந்தக் கொலைகாரனும் ‘இவை பழைய எலும்புகள்’ என்று கூறித் தப்பலாம். உண்மையான பழைய புதைகுழியை வேறொன்றாக மயங்கவும் இடமுண்டு. இரண்டினாலும் இழப்பவர் உறவைத் தேடி அலையும் தாய்மாரே.

மட்டக்களப்பு இக்கவலைக்குப் புறம்பானதா? 1990 செப்டெம்பர் 9 ஆம் நாள் சத்துருக்கொண்டானிலும் அயலூர்களிலும் இருந்து இராணுவ முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்ட 180க்கு மேற்பட்டோர் திரும்பி வரவில்லை. அதே ஆண்டு ஜூலையிலே கல்முனைப் பக்கமிருந்து காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம் பயணிகள் குருக்கள்மடத்திலே விடுதலைப் புலிகளால் வழிமறித்துக் கொல்லப்பட்டனர். அவர்களைத் தோண்டி எடுத்து மார்க்க முறைப்படி அடக்கஞ் செய்ய வேண்டுமென்று உறவினர் 2014 இல் நீதிமன்றம் வரை சென்றனர். எம்மவர் இறந்தால் எலும்பு வரலாறு, பிறர் இறந்தால் அது வெறும் மண் என்று பேசுவோர்க்கு இக்கட்டுரையில் இடமில்லை. சவக்காலையை எழுதப் புகுவோர் மையவாடியையும் எழுதவேண்டும். எழுதும் கை நடுங்கும் இடத்தையும் எழுதவேண்டும்.

அரசு பார்த்துக்கொள்ளுமா?

‘இது அரசாங்கத்தின் வேலை’ என்பர் சிலர். 2020 ஜூன் மாதத்திலே கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென ஜனாதிபதி செயலணி ஒன்று வர்த்தமானி மூலம் நியமிக்கப்பட்டது. தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கு அமைத்த அக்குழுவிலே, நியமித்த அன்று தமிழர் ஒருவர்தானும் இல்லை. முஸ்லிம் ஒருவர்தானும் இல்லை. எம் பழமையைத் தேட எம்மைத் தவிர்த்தே குழு அமைப்போரிடம் எம் பாட்டியின் புதைகுழியை ஒப்படைத்துவிட்டு உறங்கலாமா?

ஆனால், மனமிருந்தால் ஓர் உள்ளூராட்சி மன்றம் என்ன செய்ய இயலும் என்பதற்கும் எம் மாவட்டமே சான்று. கொரோனாப் பெருநோயில் இறந்தோரை எரித்தே தீரவேண்டும் என்று 2020 இல் அரசு விதித்தது. முஸ்லிம் மக்கள் மனங்கொதித்தனர். 2021 மார்ச் முதல் அடக்கத்துக்கு இடங்கொடுத்தது ஓட்டமாவடி. தீவின் நாலா திசையிலுமிருந்து கொண்டுவரப்பட்ட 3,600க்கு மேற்பட்ட உடல்கள் அங்கே அடக்கஞ் செய்யப்பட்டன. முஸ்லிம்கள் மட்டுமல்லர், இந்துக்களும் பௌத்தரும் கிறித்தவரும் அங்கே கிடக்கின்றனர். குழிக்குக் குழி இலக்கமிட்டனர், பெயர் பதிந்தனர். பெருந்தொற்றின் நடுவே, அச்சத்தின் நடுவே, இரவு பகலாக அது செய்யப்பட்டது. அமைதியான நாளிலே, எம் சொந்த ஊரிலே, எம் சொந்தப் பாட்டனுக்கு அது செய்ய இயலாதா?

பழிகளும் விடைகளும்

‘கல்லே இல்லையே, எதைப் பதிவது?’ என்று கேட்பர். எம்மவரிடம் வேறு கல்வெட்டு உண்டு. முப்பத்தோராம் நாளன்று அச்சிட்டு வழங்கும் நினைவு மலருக்கு நாம் இட்ட பெயரே கல்வெட்டு அன்றோ? அதிலே ஊர், குடி, பெற்றோர், பிள்ளைகள், மருமக்கள் யாவரும் உளர். வீட்டுப் பரணிலே கறையானுக்கு இரையாகும் அந்த ஏடுகளை எடுங்கள். மரணச் சான்றிதழை எடுங்கள். பிரேதம் புதைத்த அல்லது எரித்த இடத்தைக் குறிக்க அதிலே இடமுண்டு. கோயில் வண்ணக்கரைக் கேளுங்கள். எண்பது வயதுப் பெத்தாவைக் கேளுங்கள். அவருக்குத் தெரிந்தது எந்தக் கச்சேரிக்கும் தெரியாது.

இன்னொன்றையும் மறத்தலாகாது. மட்டக்களப்பிலே குடி தாய்வழியாக வருவது. முக்குவர் வழமையைப் பற்றி 1876 இலே பிரிற்றோ நூலெழுதினார். தாய்வழி உரித்து அன்றே சட்டப் புத்தகமேறியது. ஆண் தன் மனைவியின் ஊருக்குச் செல்வான், அங்கேயே மாள்வான். ஆகவே ஒரு குடும்பத்தின் வரலாற்றைத் தொடர விரும்புவோன் தாயின் தாய் கிடக்குமிடத்தைத் தேடவேண்டும். அரசாங்கப் படிவங்களோ தந்தை பெயரையே பெரிதாகக் கேட்கின்றன. பெண்ணின் புதைகுழி மறைந்தால் எம் குடிவழியின் வேரே மறையும்.

‘ஆன்மா போனபின் உடல் என்ன?’ என்று சைவம் பேசுவோரும் உளர். நாம் எலும்பை வணங்கச் சொல்லவில்லை. ஆயினும் வீரசைவக் குருமாரை இருந்த கோலத்தில் சமாதி வைக்கும் மரபு சைவத்துக்குப் புறம்பானதா? 1947 ஜூலை 19 இல் மறைந்த விபுலானந்த அடிகள் கல்லடி சிவானந்த வித்தியாலய வளவிலே சமாதி வைக்கப்பட்டார். அந்த இடத்தை நாம் பேணுகிறோம்; பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுகிறோம். அடிகளுக்குச் சரியானது உழவனுக்கு எப்படிப் பிழையாகும்?

‘இதனாற் குடிப்பெருமை வளரும், காணிச் சண்டை பெருகும்’ என்பர் மற்றுஞ் சிலர். இந்த எச்சரிக்கையை நாம் தள்ளிவிடவில்லை. இடுகாட்டிலும் உயர்வு தாழ்வு பார்த்த சமூகம் எம்முடையது. ஆதலாலே தொண்டு செய்து வாழ்ந்தோர் கிடக்குமிடம் முதலில் எழுதப்பட வேண்டும். போடியார் கிடக்குமிடம் பிறகு எழுதப்படட்டும். பதிவு வேறு, உரித்து வேறு. ‘இங்கே இன்னார் புதைக்கப்பட்டனர்’ என்று எழுதுவது எவருடைய உறுதியையும் மாற்றாது. ஆனால் ‘இங்கே எவரும் வாழ்ந்ததில்லை’ என்று ஒருவன் சொல்ல முனையும் நாளிலே, அந்த ஒரு வரி அவன் வாயை அடைக்கும்.

செய்யவேண்டுவது யாது?

பெருஞ்செலவு வேண்டாம். மாரி வேளாண்மை வெட்டி ஓய்ந்தபின், வெள்ளம் வற்றிப் புல் காய்ந்த நாட்களிலே, ஊருக்கு ஐவர் சேருங்கள்: ஓர் ஆசிரியர், ஒரு முதியவர், ஒரு வட்டைவிதானை, இரண்டு இளைஞர். கொப்பி ஒன்று போதும். இடத்தின் பெயர், காணியின் பெயர், நான்கு எல்லை, கைபேசி காட்டும் அகலாங்கு நெட்டாங்கு, நிற்கும் மரம், கிடக்கும் கல், நினைவிலுள்ள பெயர்கள், அவற்றைச் சொன்னவர் பெயர், சொன்ன நாள் ஆகியவற்றை எழுதுங்கள். ஐயமுள்ளதை ஐயமென்றே எழுதுங்கள்; பெருமைக்காக ஒரு பூட்டனையும் படைக்காதீர்கள். ஊகம் ஒன்று புகுந்தால் உண்மை நூறும் கெடும்.

எங்கும் தோண்டாதீர்கள். எதிர்பாராத இடத்தில் எலும்பு தெரிந்தால் கைவைக்காது பொலிசுக்கும் நீதவானுக்கும் அறிவியுங்கள்; சட்டத்தரணி ஒருவரை உடனழையுங்கள். எழுதிய ஏட்டுக்கு நான்கு படி எடுங்கள். ஒன்று கோயிலிலோ பள்ளிவாசலிலோ தேவாலயத்திலோ இருக்கட்டும். ஒன்று பிரதேச சபைக்கு, ஒன்று வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக நூலகத்துக்கு, ஒன்று 2005 முதல் எம் ஏடுகளை எண்ணிமமாக்கிப் பேணிவரும் நூலகம் நிறுவனத்துக்கு. ஒரு படி எரிந்தாலும் மற்றொரு படி வாழும். ஏடு எரிந்த கதை எமக்குப் புதிதன்று.

பிரதேச சபைகளைக் கேட்கிறோம்: உங்கள் எல்லைக்குள் எத்தனை மயானங்கள் உள? அவற்றின் வரைபடம் உங்கள் அலுமாரியில் உண்டா? மதில் கட்டுவதற்கும் விளக்குப் போடுவதற்கும் நிதி ஒதுக்குகிறீர்கள். எழுதுவதற்கு ஒரு கொப்பி வாங்கினீர்களா? கற்றவர்களைக் கேட்கிறோம்: பிறநாட்டுக் குடிவழி ஆராய்ச்சியை வியந்து படிக்கும் நீங்கள் உங்கள் அம்மம்மாவின் தாய் எங்கே கிடக்கிறாள் என்று அறிவீர்களா?

1978 நவம்பர் 23 இன் சூறாவளி மரங்களைச் சாய்த்தது. 2004 டிசம்பர் 26 இன் கடற்கோள் ஊர்களையே வாரிச் சென்றது; உடல்களை அவசர அவசரமாகக் குழிகளில் இட்டோம். போர் எஞ்சியதைக் குலைத்தது. இயற்கையும் படையும் அழித்தவை போக மிஞ்சியது முதியோரின் நினைவு ஒன்றே. அந்த நினைவுக்கு இன்னும் எத்தனை மாரி உண்டு? இவ்வாண்டு அறுவடை முடிந்ததும் கொப்பியோடு புறப்படுங்கள். முதலில் உங்கள் வீட்டு வாசலில் அமர்ந்திருக்கும் அந்தக் கிழவியிடம் செல்லுங்கள்.