தாய்க்கு மறுக்கப்பட்ட தடுப்பூசி

கரோனா தடுப்பூசி குறித்த அரசியல் விவாதங்களில் எத்தனை கோடி ஊசிகள், என்ன விலை, எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்பவையே பெரிதாகப் பேசப்பட்டன. யாருக்கு அது மறுக்கப்பட்டது என்ற கேள்வி உரிய கவனத்தைப் பெறவில்லை.

தடுப்பூசித் திட்டம் 2021 ஜனவரி 16-ஆம் தேதி தொடங்கியது. அதற்கு இரு நாள்கள் முன்பு மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய கடிதம், கருவுற்ற பெண்களுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் ஊசி போடக் கூடாது என்று அறிவுறுத்தியது. மருத்துவப் பரிசோதனைகளில் அவர்கள் இடம்பெறவில்லை என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். பாலூட்டும் தாய்மார்களுக்கான தடை மே 19-ஆம் தேதியும், கருவுற்றவர்களுக்கான தடை ஜூலை 2-ஆம் தேதியும்தான் விலகின. இடைப்பட்ட காலத்தில்தான் இரண்டாவது அலை வீசியது. மே மாதத் தொடக்கத்தில் நாளொன்றுக்கு நான்கு லட்சத்துக்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டனர்.

தடுப்பூசி முதலில் மருத்துவப் பணியாளர்களுக்கே வழங்கப்பட்டது. செவிலியர்களில் பெரும்பாலோரும் ஆஷா பணியாளர்களும் பெண்கள். அவர்களில் கைக்குழந்தையுடன் இருந்தவர்கள், நோயாளிகளுக்கு மிக அருகில் நின்றும் பாதுகாப்பு வரிசைக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். பாலை நிறுத்திவிட்டு ஊசி போட்டுக்கொள்வதா, ஊசியைத் தவிர்த்துப் பாலூட்டுவதா என்ற கொடிய தேர்வை ஒரு தாயின் மீது சுமத்துவது எந்த வகையில் நியாயம்?

முன்னெச்சரிக்கை தவறல்ல, பரிசோதிக்கப்படாத மருந்தைத் தாய்மார்களுக்குக் கொடுத்து விபரீதம் நேர்ந்தால் பொறுப்பேற்பது யார் என்ற வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால், கோவாக்சின் செயலிழக்கச் செய்யப்பட்ட கிருமியால் ஆனது. கோவிஷீல்டில் உள்ள கிருமியோ உடலில் பெருகும் திறனற்றது. பால் வழியே குழந்தைக்குத் தீங்கு நேரும் என்று கருத அறிவியல் அடிப்படை இருக்கவில்லை. முன்னுரிமைப் பிரிவில் உள்ள பாலூட்டும் பெண்களுக்கும் ஊசி அளிக்கலாம், தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை என்று உலக சுகாதார அமைப்பு 2021-இன் தொடக்கத்திலேயே கூறியிருந்தது.

தடுப்பூசி பெற்ற தாய்மார்களின் பாலில் எதிர்ப்பொருள்கள் இருப்பதைப் பின்னர் வெளியான ஆய்வுகள் உறுதிசெய்தன. அவை சேயை எந்த அளவுக்குக் காக்கின்றன என்பது ஒருபுறமிருக்க, தாய் நோயில் விழாதிருப்பதே குழந்தைக்கு முதல் அரண். தேசியத் திட்டத்தின்கீழ் 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கரோனா தடுப்பூசி வழங்கப்படவே இல்லை என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

தாய்க்கு ஊசி போட்டுச் சேயைக் காப்பது இந்தியாவுக்குப் புதிதன்று. கருவுற்ற பெண்களுக்கு இசிவு நோய்த் தடுப்பூசி போட்டு, பச்சிளங் குழந்தைகளைக் கொன்றுவந்த அந்நோயை ஒழித்த நாடு என்ற தகுதியை 2015-இல் பெற்றோம். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 63.7 சதவீதத்தினர் தாய்ப்பால் மட்டுமே அருந்துகின்றனர். இத்தகைய நாட்டில் பாலூட்டும் தாய் எவ்வாறு விதிவிலக்காக முடியும்?

பரிசோதனையில் சேர்க்காததால் தரவு இல்லை. தரவு இல்லாததால் தடுப்பூசி இல்லை. உண்மையான கோளாறு இந்தச் சுழலில்தான் இருக்கிறது. தொடக்கநிலைப் பாதுகாப்பு உறுதியானவுடன், பாலூட்டும் தாய்மார்களையும் அவர்களது ஒப்புதலுடன் பரிசோதனைகளில் சேர்ப்பது கட்டாயமாக்கப்பட வேண்டும். ஒரு பிரிவினரை விலக்கும்போது அதற்கான காரணத்தையும், மறுபரிசீலனைக்கான காலவரம்பையும் நிபுணர் குழு வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். சுகாதாரத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு இதற்கான விதிகளை வகுக்க வலியுறுத்த வேண்டும்.

அடுத்த பெருந்தொற்று நாள் பார்த்து வராது. அது வந்த பிறகு கூடி ஆலோசிப்பதைவிட, அமைதிக் காலத்திலேயே விதிகளைத் திருத்துவதுதான் பொறுப்புள்ள அரசுக்கு அழகு.