திங்கட்கிழமை இன்டர்னல்

ஈஸ்டருக்கு லீவ் கேட்டால், "அதான் ஞாயித்துக்கிழமை வருதே, தனியா எதுக்கு?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும்.

ஆனால் நம்ம ஹாஸ்டலில் இருக்கும் கிறிஸ்தவப் பசங்களில் பலருக்கு ஊர் தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கம். செங்கல்பட்டில் ரயில் ஏறினால் ஒரு ராத்திரி பயணம். பெரிய வெள்ளி லீவ் என்பதால் போவதில் சிக்கல் இல்லை, திரும்புவதில்தான். கத்தோலிக்கர்களுக்கு ஈஸ்டரே சனிக்கிழமை இரவு பாஸ்கா திருவிழிப்பில்தான் தொடங்குகிறது. கோயில் விளக்கெல்லாம் அணைத்து, வெளியே புது நெருப்பு மூட்டி, அதில் பாஸ்கா திரியை ஏற்றுவார்கள். அந்த ஒரு திரியிலிருந்து ஒவ்வொருவர் கை மெழுகுவத்திக்கும் தீ பரவும். பூசை முடிய நள்ளிரவு ஆகிவிடும். விடிந்தால் ஞாயிறு, மதியச் சாப்பாடு முடிந்த கையோடு பஸ் பிடிக்க வேண்டும், திங்கள் காலை இன்டர்னல். எதுக்கு இந்த அலைச்சல் என்று சிலர் போவதையே விட்டுவிடுகிறார்கள். கோவளம் கார்மேல் மாதா கோயில் பக்கம்தானே என்றால், ராத்திரி பூசைக்கு ஹாஸ்டல் கேட் திறக்காது.

நம்பிக்கை குறைந்து ஈஸ்டர் சுருங்கவில்லை, டைம்டேபிளால் சுருங்குகிறது. இங்கிலாந்து, வேல்ஸில் 2021 கணக்கெடுப்பில் தங்களைக் கிறிஸ்தவர் என்று சொன்னவர்கள் பாதிக்கும் குறைவு. ஆனாலும் அங்கே ஈஸ்டர் திங்கள் பொது விடுமுறை. ஈஸ்டர் ஞாயிறன்று பெரிய கடைகளைத் திறக்கக் கூடாது என்று இங்கிலாந்தில் சட்டமே இருக்கிறது. இங்கேயோ 2024-இல் ஈஸ்டர் மார்ச் 31 அன்று வந்தபோது, நிதியாண்டு முடிகிறது என்று மணிப்பூர் அரசு அதை வேலை நாளாக அறிவித்து, எதிர்ப்பு கிளம்பிய பிறகு வாபஸ் வாங்கியது.

'செக்குலர் காலேஜில் இதெல்லாம் பார்க்க முடியுமா?' என்பவர்கள் ஆயுத பூஜையை நினைத்துப் பாருங்கள். வொர்க்‌ஷாப்பில் லேத்துக்குச் சந்தனம், குங்குமம் வைக்கிறோம், எல்லா மதத்துப் பசங்களும் பொரி சாப்பிடுகிறோம். யாருக்கும் எதுவும் குறைந்துபோகவில்லை. கேக் இருப்பதால் கிறிஸ்துமஸும் எல்லாருடையதாகிவிட்டது. ஈஸ்டருக்குத்தான் அப்படி எதுவும் இல்லை. (துக்க நாளான பெரிய வெள்ளிக்கு 'ஹேப்பி குட் ஃப்ரைடே' ஸ்டேட்டஸ் போடுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள், மக்களே.)

தேதி மாறிக்கொண்டே இருக்கிறதே என்பதும் சாக்கு ஆகாது. மாசி மகப் பௌர்ணமிக்கு மாமல்லபுரம் கடற்கரையில் இருளர்கள் கூடுவது போல, ஈஸ்டருக்கும் நிலாக் கணக்குதான்: மார்ச் 21 முதல் வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு. எத்தனை வருடத்துக்கு வேண்டுமானாலும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். 2027-இல் அது மார்ச் 28. லீவ்கூட வேண்டாம், 29-ஆம் தேதி காலையில் இன்டர்னல் வைக்காதீர்கள். இங்கேயே தங்குபவர்களுக்குச் சனிக்கிழமை ராத்திரி ஒரு அவுட்பாஸ் கொடுங்கள்.