மெருகு முதலா, தளம் முதலா?

வாரத்தில் ஐந்து நாள் பிறருக்காக உழைத்து, எஞ்சிய இரண்டு நாளில் தன் மனத்துக்குகந்த கைவேலை ஒன்றைச் செய்பவனைக் குறைகூற எவருக்கும் மனம் வராது. அமெரிக்க நாட்டில் அத்தகைய வேலைகளுள் ஒன்று, காருக்குப் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் பழைய டிரெய்லர் வீடுகளைப் புதுப்பிப்பது. படுக்கை, அடுப்பு, அலமாரி யாவும் அடங்கிய அச்சிறு வீடு, அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பத்தை ஊர் ஊராகக் கொண்டு சென்றது. பின்னர்க் கொல்லையில் வெயிலுக்கும் மழைக்கும் நின்றது. அதை வாங்கிவந்து சனி ஞாயிறுகளில் செப்பனிடுவோர் அங்கே அநேகர். தறியும் ஏரும் பிடிப்போருக்கு இது தொலைதூர விஷயமாகத் தோன்றலாம். ஆயினும் பழுதுபார்க்கும் தொழிலின் நியாயம் எங்கும் ஒன்றே. அவ்வேலையை எங்கே தொடங்குவது என்பதில் நமக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு.

இவ்வண்டிகளுள் பெயர்பெற்றது ஏர்ஸ்ட்ரீம். வாலி பயாம் என்பவர் 1931-ல் தொடங்கிய நிறுவனம் அது. 1927-ல் லிண்ட்பெர்க் அட்லாண்டிக் கடலைத் தனியே கடந்த விமானத்தின் கட்டுமானத்தை மேற்பார்த்த ஹாலி போலஸ் என்பவர், 1934-ல் விமானம் கட்டும் முறையிலேயே அலுமினியத் தகடுகளை ரிவெட் ஆணிகளால் இணைத்து ஒரு டிரெய்லர் செய்தார். அவ்வமைப்பைத் தழுவி 1936-ல் பயாம் வெளியிட்டதே 'கிளிப்பர்' என்னும் வண்டி. 1959-ல் அவர் தலைமையில் இத்தகைய வண்டிகளின் அணி ஒன்று கேப் டவுனிலிருந்து கெய்ரோவை நோக்கிப் புறப்பட்டு, ஆப்பிரிக்காவின் நெடுகிலும் சென்றது. வண்டியின் உறுதிக்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அத்தகைய வண்டி பல்லாண்டு கழித்து ஒருவர் கைக்கு வரும்போது மங்கி, சாம்பல் பூத்து நிற்கிறது. மெருகுக் குழம்பைத் தடவிச் சுழல் பொறியால் தேய்த்தால், சில மணி நேரத்தில் ஒரு தகடு கண்ணாடியாகி முகம் காட்டுகிறது. பார்ப்பவர் வியக்கின்றனர், செய்தவரும் மகிழ்கிறார். இங்கேதான் பலர் வழி தவறுகின்றனர் என்பது நம் கருத்து. வண்டியைக் கெடுத்தது மங்கல் அன்று, தண்ணீர்.

ஜன்னல் ஓரத்திலும் கூரைத் திறப்பிலும் தகடுகளின் பொருத்திலும் இருந்த பூச்சு காய்ந்து வெடிக்கிறது. அவ்வழியே கசியும் நீர் சுவரின் இரு தகடுகளுக்கும் இடையே இறங்கித் தளத்தின் விளிம்பில் தங்குகிறது. தளமோ பிளைவுட் என்னும் ஒட்டுப்பலகை. மேற்கூட்டையும் கீழே உள்ள எஃகுச் சட்டகத்தையும் பிணைக்கும் ஆணிகள் அப்பலகையை ஊடுருவியே செல்கின்றன. பலகை மக்கினால் ஆணிக்குப் பிடிப்பில்லை. கூடு வேறு, சட்டகம் வேறாகிப் பின்பக்கம் தொங்கத் தொடங்குகிறது. எஃகு துருவேறுகிறது, ஈரத்தில் எஃகைத் தொட்டுநிற்கும் அலுமினியமும் அரிபடுகிறது. இவ்வளவும் மெருகின் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் நடப்பவை. ஒரு குத்தூசியால் தளத்தின் ஓரங்களைக் குத்திப் பார்ப்பவருக்கே உண்மை புலப்படும்.

ஆகவே முதலில் கசிவை அடைக்க வேண்டும், அடுத்துத் தளம், அதனுடன் சட்டகம், அச்சு, பிரேக்கு. ஓடாமலே நின்ற டயரும் வயதால் கெடும். அதைத் தயங்காமல் மாற்ற வேண்டும். எரிவாயுக் குழாயைத் தேர்ந்தவரைக் கொண்டு சோதிக்க வேண்டும். பழமையைப் போற்றுவது நன்று. ஆனால் பழைய ஆபத்தைப் போற்றுவது பேதைமை. மெருகு கடைசியில் வரட்டும்.

இன்னுமொன்று கவனிக்கத்தக்கது. விமானத்தில் அடிப்பது போன்ற ரிவெட் ஆணியை ஒருவரே அடிப்பது அரிது. வெளியே ஒருவர் சுத்திப்பொறியைப் பிடிக்க, உள்ளே மற்றொருவர் கனத்த இரும்புக் கட்டியை ஆணியின் முனைக்கு அணைகொடுக்க வேண்டும். ஒருவர் கண் மற்றவருக்குத் தெரியாது. ஓசையும் பழக்கமுமே மொழி. அண்டை வீட்டாரையோ மகனையோ மகளையோ துணைக்கு அழைக்காமல் இவ்வேலை நிறைவேறுவது கடினம். கூடிச் செய்யும் உழைப்பின் அருமையை நம் அங்கத்தினர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

தளத்தைப் பெயர்த்தால் வேலை ஆண்டுக்கணக்கில் நீளும், ஊக்கம் குன்றும், பாதியில் நின்றுபோகும் என்று சிலர் கூறுவர். அதில் உண்மை உண்டு. உரித்துப்போட்ட கூடாகவே விற்கப்படும் வண்டிகளும் இல்லாமல் இல்லை. ஆனால் அதற்கு மருந்து மெருகு ஆகாது. தன் கைக்கும் காலத்துக்கும் பொருளுக்கும் ஏற்ற சிறு வண்டியை, வாங்குமுன்னரே சோதித்துத் தேர்ந்தெடுப்பதே மருந்து. ஊக்கத்துக்காக ஒரு தகட்டைத் துலக்கி வைத்துக்கொள்ளட்டும். அதை நாம் மறுக்கவில்லை.

பாவில் அறுந்த இழையை முடியாமல் நெய்துகொண்டே போனால், குறை துணியின் நீளம் முழுதும் ஓடும். கஞ்சியும் மடிப்பும் அதைக் கடைவரை மறைக்கலாம். வாங்கியவன் முதற் சலவையில் கண்டுகொள்வான். துணியிலாவது நட்டம் பணத்தோடு போகும். மக்கிய தளத்தின்மேல் மின்னும் வண்டியை நம்பி ஒரு குடும்பம் நெடுஞ்சாலையில் செல்லும். குழந்தைகள் அதனுள் உறங்குவர். செய்தவர் தாமே வைத்திருப்பினும், பிறருக்கு விற்பினும், அவர்களுடைய உயிர் அவர் வேலையின் பொறுப்பில் இருக்கிறது. யாரும் காணாத இடத்தில் நேர்மையாகச் செய்த வேலையே பழுதுபார்த்தல் என்னும் பெயருக்கு உரியது என்பதே நம் துணிபு.