நின்ற பிறகும் தணியாத சூடு

கோலார் தங்கவயலின் மைசூர் மைன்ஸ், சாம்பியன் ரீஃப் சுரங்கங்களில் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்கினார்கள். 2001-ல் மூடப்பட்டபோது சாம்பியன் ரீஃபின் ஆழம் 3 கி.மீ.க்கும் அதிகம். அப்படிப்பட்ட ஆழத்துக்கு இறங்கும் எடையைக் கட்டுக்குள் வைப்பது எளிதல்ல. 10 டன் எடை 2 கி.மீ. இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 20 கோடி ஜூல். அத்தனையையும் பிரேக் தலையில் கட்டினால் அது கருகிவிடும். ஆகவே ஆழ்சுரங்கங்களில் ஒரு கூண்டு இறங்கும்போது மற்றொன்று ஏறும். ஒன்றின் பாரத்தை மற்றது ஈடுகட்டும். மிச்சத்தை மட்டுமே மோட்டாரும் பிரேக்கும் சமாளிக்கும்.

ஜெட் விமானத்துக்கும் இதே கணக்குதான். மணிக்கு 250 கி.மீ. வேகத்தில் தரை தொடும் 200 டன் விமானத்திடம் இருப்பது சுமார் 48 கோடி ஜூல். சுமார் 1,600 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும்! அரை நிமிடத்துக்குள் அது எங்காவது போயாக வேண்டும். ஒரு பங்கைக் காற்றின் எதிர்ப்பும், எஞ்சினின் எதிர்விசையும் வாங்கிக்கொள்கின்றன. இறக்கை மேல் நிமிரும் தகடுகள், சக்கரங்கள் மீது எடையை அழுத்தி பிரேக்கின் பிடிப்பைக் கூட்டுகின்றன. மீதி முழுக்க பிரேக் தட்டுகளில் சூடாகிறது. கனரக விமானங்களில் இத்தட்டுகளைக் கார்பனில் செய்வது, அது எடை குறைவு, பெருஞ்சூட்டையும் தாங்கும் என்பதால்தான்.

விமானம் நின்றதும் ஆபத்து முடிவதில்லை. தட்டுகளின் சூடு மெதுவாகச் சக்கரத்துக்கும் டயருக்கும் பரவுகிறது. சில நிமிடங்கள் கழித்தே அங்கே உச்சத்தைத் தொடுகிறது. டயர் வெடிக்காதிருக்க, குறித்த சூட்டில் உருகிக் காற்றை வெளியேற்றும் அடைப்பான்கள் சக்கரத்தில் உண்டு. டயரில் அடைப்பதும் நைட்ரஜன். அது தீக்குத் துணை போகாது.

இதன் அருமை 1986 மார்ச் 31 அன்று தெரிந்தது. மெக்சிகோ நகரிலிருந்து கிளம்பிய மெக்சிகானா போயிங் 727-ல் ஒரு பிரேக் அளவுக்கு மீறிச் சூடேறியிருந்தது. டயரில் இருந்தது சாதாரணக் காற்று. பறக்கும்போது டயர் வெடித்துத் தீப்பிடித்தது. 167 பேரும் மாண்டனர்.

பிரேக் ஆறும்வரை அடுத்த பயணத்துக்குக் கிளம்பக் கூடாது என்ற விதி இதனால்தான். ஓடுபாதையில் திடீரென நிறுத்த நேர்ந்தால், ஏற்கெனவே கொதிக்கும் பிரேக்கால் இன்னொரு சுமையை ஏற்க முடியாது. கால அட்டவணை அவசரப்படுத்தலாம். பிரேக் தன் போக்கில்தான் ஆறும். தாமதத்துக்கு முணுமுணுக்கும் பயணிகள் இதை நினைவில் கொள்வது நல்லது.