மயக்க ஊசியும் பிராணவாயுவும்

மலையடிவாரத்து நிலங்களில் காட்டுமாடு புகுந்துவிட்டால், மயக்க ஊசி போட்டுப் பிடிக்க வேண்டுமென்று குடியானவர்கள் கோருவது வழக்கம். கோரிக்கை நியாயமானதே. ஆயினும் ஊசி தைத்தவுடன் காரியம் முடிந்ததென்று எண்ணுதல் தவறு. அபாயம் அப்பொழுதுதான் ஆரம்பிக்கின்றது.

மயக்க மருந்து சுவாசத்தையும் மந்தப்படுத்தும். அசைபோடும் மிருகம் பக்கவாட்டில் வீழ்ந்து கிடப்பின், வயிறு உப்பி நுரையீரலை நெருக்கும். இரைப்பையிலுள்ளது மேலேறிச் சுவாசக் குழலிற் புகுதலும் உண்டு. ஆதலால் அதனை நெஞ்சின்மேல் இருத்தி, தலையை உயர்த்தி, மூக்கைத் தாழ்த்தி வைத்தல் வேண்டும். யானைக்கோ நெஞ்சின்மேற் கிடத்தலே மூச்சை முட்டச் செய்யும்.

காற்றில் பிராணவாயு நூற்றுக்கு 21 பங்கே. மந்தித்த சுவாசத்திற்கு இது போதாமற் போகலாம். அப்பொழுது மூக்கிற் குழாய் செலுத்தி உருளையிலிருந்து பிராணவாயு கொடுப்பதே உயிர் காக்கும். 2020-ஆம் ஆண்டு முதற்கொண்டு கொரோனா நோயாளிகளின் விரலில் மாட்டிய கருவியைப் போன்றதொன்றை நாவிற் பொருத்தினால் இரத்தத்தின் நிலை தெரியும். அளவு 90-க்குக் கீழ் இறங்கின் தாமதம் கூடாது. ஆகவே ஊசித் துப்பாக்கி வரும் வண்டியிலேயே உருளையும், மயக்கந் தெளிவிக்கும் மாற்று மருந்தும் வரவேண்டுமென்று கிராமத்தார் கேட்பது முறையாகும். செலவு அதிகமென்பது தக்க விடையாகாது. இறந்த மிருகத்தைப் பிடித்ததாகக் கணக்கெழுத இயலுமோ?

கிராமத்தார் கடமையும் ஒன்றுண்டு. மருந்து வேலை செய்யச் சில நிமிஷங்கள் செல்லும். அதற்குள் ஜனங்கள் கூச்சலிட்டுத் துரத்தினால், மிருகம் வெருண்டோடி, உடல் கொதித்து, கிணற்றில் வீழும், ஆட்களையும் முட்டும். வெயில் ஏறுமுன் வேலை நடக்கவும், கூட்டம் விலகி நிற்கவும் கிராம அதிகாரிகள் முன்னதாகவே ஏற்பாடு செய்வாராக.